‘ங்க’ போட்டால் தலைமை போய்விடுமா? ஒரு பி.காம் மாணவியின் மூன்று வருடம்

2023 பிப்ரவரி, ஒரு திங்கட்கிழமை. காலை 9 மணிக்குத் தொடங்க வேண்டிய கண் பரிசோதனைக்கு 11 மணி வரைக்கும் வந்தவர்கள் 11 பேர், அதிலும் 2 பேர் எங்களுக்குச் சமைக்க வந்தவர்கள். பல்லடத்துக்கும் பொங்கலூருக்கும் நடுவில் ஒரு ஊர். நாட்டு நலப்பணித் திட்டத்தின் (என்.எஸ்.எஸ்.) 7 நாள் சிறப்பு முகாமில் மூன்றாவது நாள். மருத்துவமனைக் குழு சமுதாயக் கூடத்து வராந்தாவில் 20 அடி அளந்து, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கான அட்டையை, அதுதான் ஆங்கில ‘இ’ நாலு பக்கமும் திரும்பித் திரும்பி நிற்குமே, விரலைக் காட்டித் திசை சொல்வார்களே, அதைச் சுவரில் மாட்டிவிட்டு டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மருத்துவர் இரண்டு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முகாமுக்குப் பொறுப்பான இரண்டாமாண்டு மாணவி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அவளைப் பற்றித்தான் இந்த ஆய்வு. பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள், கல்லூரிப் பெயரும் வேண்டாம் என்று நானே முடிவு செய்தேன். அவள் படித்துப் பார்த்து, இரண்டு இடத்தில் “அப்படி நடக்கலீங்க சார்” என்று திருத்திக் கொடுத்த பிறகுதான் இதை எழுதி முடித்தேன்.

நான் வணிகவியல் ஆசிரியர், அப்போது திட்ட அலுவலரும்கூட. வருடா வருடம் ஆண்டறிக்கையில் “மாணவர்களின் தலைமைப் பண்பு மேம்பட்டது” என்று ஒரு வரி எழுதுவோம். நானே எழுதியிருக்கிறேன். உனக்கு எப்படித் தெரியும் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1959-லேயே பயிற்சியை அளக்க நாலு படி சொல்லிவிட்டார்: வந்தவர்களுக்குப் பிடித்ததா, எதையாவது கற்றார்களா, திரும்பிப் போய் வேலையில் நடந்துகொள்ளும் விதம் மாறியதா, அதனால் என்ன விளைந்தது. நாம் முதல் படியோடு பந்தலைப் பிரித்துவிடுகிறோம். பயிற்சி முடிந்ததும் ஒரு தாளைக் கொடுத்து “எப்படி இருந்தது” என்று கேட்டால், மதியச் சாப்பாடு நன்றாக இருந்த நாளில் எல்லாமே “மிக நன்று”தான்.

அதனால் அவள் சேர்ந்த வருடம் ஒரு நோட்டுப் போட்டேன். வாரக் கூட்டத்தில் யார் கேட்காமலே வாயைத் திறந்தார்கள், ஒருத்தர் கொடுத்த வேலையை மற்றவர்கள் செய்தார்களா, ஏதாவது தப்பாகப் போனால் அதை எப்போது, யாரிடம் சொன்னார்கள். இந்த மூன்றுதான் குறித்தேன். மூன்றாவது விஷயம் எனக்குத் தற்செயலாகத் தோன்றியது, கடைசியில் அதுதான் அதிகம் பயன்பட்டது.

தறிச் சத்தத்துக்குள் வளர்ந்த பெண்

அவள் அப்பா கூலிக்கு நெசவு செய்பவர். 6 விசைத்தறி, வீட்டை ஒட்டின ஷெட். பாவும் ஊடை நூலும் ஜவுளி உற்பத்தியாளரிடமிருந்து வரும், துணியாக்கிக் கொடுத்து மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவது. சோமனூர், பல்லடம் பக்கத்தில் பாதி வீட்டுப் பிழைப்பு இதுதான். ஆறு தறியும் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. கையைத்தான் பார்க்க வேண்டும். எந்தத் தறியில் இழை அறுந்தது, எதில் தார் (ஊடை நூல் சுற்றிய குழல்) தீர்ந்தது என்று அப்பாவின் முகத்தைப் பார்த்தே இவள் போய் நிற்பாள். பத்து வயதிலிருந்து இப்படித்தான். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தவை. முதல் வருடத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம், நாலாவது பெஞ்சில் சுவரோரம் உட்காரும், பேர் கூப்பிட்டால் மட்டும் எழுந்து நிற்கும் ஒரு பெண்.

கொரோனாவால் தள்ளிப்போய்த் திறந்த 2021-ல் சேர்ந்தாள். 2022 ஜனவரியில் கூலி உயர்வு கேட்டுக் கோவை, திருப்பூர் மாவட்டத்து விசைத்தறிகள் வாரக்கணக்கில் நின்றன. அவள் வீட்டுத் தறியும் நின்றது. அந்தச் சமயத்தில்தான் அவளாக வந்து என்.எஸ்.எஸ்.சில் பேர் கொடுத்தாள். சேவை மனப்பான்மை என்று நான் மகிழ்ந்துபோனேன். “இல்லீங்க சார், தறி ஓடாம வூடு ரொம்ப அமைதியா இருந்துச்சுங்க, இருக்க முடியலீங்க” என்று மூன்றாம் வருடத்தில் சொன்னாள்.

என்.எஸ்.எஸ். பற்றித் தெரியாதவர்களுக்கு: காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. இரண்டு வருடத்தில் 240 மணி நேரப் பணி, ஒரு 7 நாள் முகாம், அப்போதுதான் சான்றிதழ். “எனக்காக அல்ல, உனக்காக” என்பது அதன் வாசகம். நடைமுறையில் அந்த 240 மணியில் கணிசமான நேரம் கல்லூரி விழாவுக்கு நாற்காலி போடுவதில் போகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நோட்டில் முதல் வருடக் கணக்கு: 14 வாரக் கூட்டம், அவள் தானாகப் பேசியது பூஜ்யம்.

அரங்கத்துப் பயிற்சி

இரண்டாம் வருடத் தொடக்கத்தில் அரங்கத்தில் ஒரு நாள் ஆளுமைப் பயிற்சி. பயிற்சியாளர் கோட்டு சூட்டில் வந்தார், கலகலப்பான மனிதர், மேடையை விட்டு இறங்கி நடந்துகொண்டே பேசினார். நடுவில் ஆளுக்கு அரை நிமிடம் தங்களைப் பற்றிச் சொல்லச் சொன்னார். இவள் முறை வந்தது.

“என் பேரு...ங்க. பி.காம் படிக்கறனுங்க. அப்பா தறி ஓட்டறாருங்க.”

கூட்டம் சிரித்தது. பயிற்சியாளரும் சிரித்தார். அப்புறம் சொன்னார்: “முதல்ல இந்த ‘ங்க’வை விடும்மா. ஒவ்வொரு வரிக்கும் யார்கிட்டயோ அனுமதி கேக்கற மாதிரி இருக்கு. லீடர் அனுமதி கேக்க மாட்டான்.”

கைதட்டல். நானும் தட்டினேன், ஒளிப்பானேன். கொங்கு நாட்டில் பிறந்து வளர்ந்து, இரண்டு வயசுக் குழந்தையைக்கூட “வாங்க சாமி, சாப்பிடுங்க” என்று கூப்பிடுகிற வீட்டிலிருந்து வந்த எனக்கே, அந்த நிமிடத்தில் அவர் சொன்னது சரி என்றுதான் பட்டது.

அடுத்து எங்கள் துறையில் ஒரு பேச்சு மன்றம். டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்று 1924-ல் கலிஃபோர்னியாவில் தொடங்கி உலகம் முழுக்கப் பரவிய அமைப்பு ஒன்று உண்டு, அதன் முறையைப் பார்த்து நாங்களாக வைத்துக்கொண்டது, உறுப்பினர் எல்லாம் இல்லை. முதல் பேச்சு 4 முதல் 6 நிமிடம். நேரம் பார்ப்பவர் பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டை காட்டுவார். ஒருத்தர் மூலையில் உட்கார்ந்து, பேசுபவர் எத்தனை தடவை ‘ஆ’, ‘ம்’, ‘வந்து’ என்று இழுத்தார் என்று எண்ணிக் கடைசியில் வாசிப்பார். எங்கள் பட்டியலில் அரங்கத்துப் பயிற்சியின் புண்ணியத்தில் ‘ங்க’வும் சேர்ந்திருந்தது. இவளுடைய முதல் பேச்சு 3 நிமிடத்தில் முடிந்தது, பச்சை அட்டையே பார்க்கவில்லை. ‘ஆ’ 6. ‘ங்க’ 41. கணக்கு வாசிக்கப்பட்டபோது விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பேச்சிலும் அந்த எண்ணிக்கை இறங்கியது. 41, 22, 9, 2. நான் பெருமையாகக் குறித்து வைத்திருக்கிறேன். இன்றைக்கு அந்தப் பக்கத்தைப் பார்த்தால் கூச்சமாக இருக்கிறது.

ஆனைகட்டியில் ஒரு கயிறு

டிசம்பரில் ஒரு ரோட்டரி சங்கம் ஆனைகட்டியில் நடத்திய 3 நாள் தங்கும் பயிற்சிக்கு இரண்டு மாணவிகளை அனுப்பினோம். ரைலா என்பார்கள், இளைஞர்களுக்கான தலைமைப் பயிற்சி. 1959-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் தொடங்கியது, 1971-ல் ரோட்டரி உலகளவில் ஏற்றுக்கொண்டது. இவளையும், வகுப்பிலேயே நன்றாகப் பேசக்கூடிய இவளுடைய தோழியையும் அனுப்பினேன். உண்மையில் தோழிக்காகத்தான் அனுப்பினேன், தனியாகப் போக மாட்டேன் என்றதால் இவளும் சேர்ந்தாள்.

துணைக்கு நானும் போயிருந்ததால் ஒன்றை நேரில் பார்த்தேன். 15 பேர் கண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும், முனை முடிச்சுப் போட்ட நீளக் கயிற்றை எல்லாரும் பிடித்துக்கொண்டு அதைச் சரியான சதுரமாக்க வேண்டும். 20 நிமிடம். முதல் நிமிடத்திலிருந்தே நாலு பேர் உரக்கக் கத்த ஆரம்பித்தார்கள், தோழி அதில் ஒருத்தி. கட்டை அவிழ்த்துப் பார்த்தபோது உருளைக்கிழங்கு மாதிரி ஒன்று தரையில் கிடந்தது. வட்டமாக உட்கார வைத்து ஒவ்வொருவரிடமும் பயிற்சியாளர் கேட்டார். இவள் முறை.

“கயித்த ரெண்டா மடிச்சு, மறுக்கா ரெண்டா மடிச்சா நாலு மூலை கெடைச்சிரும்.” கவனியுங்கள், ங்க இல்லை.

“இது உங்களுக்கு எப்போ தோணுச்சு?”

“கயித்தப் புடிச்சதுமே.”

“ஏன் சொல்லல?”

கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தாள். பழைய குரல் திரும்பிவிட்டது. “யாரும் கேக்கலீங்க.”

கயிற்றைக் கீழே போட்ட பிறகு இப்படி உட்கார வைத்துக் கேட்பதுதான் இந்த மாதிரிப் பயிற்சியின் உயிரே. டேவிட் கோல்ப் என்பவர் 1984-ல் அனுபவக் கற்றல் என்று விளக்கினாரே, செய்வது, திரும்பிப் பார்ப்பது, அதிலிருந்து ஒன்றைப் புரிந்துகொள்வது, அதை அடுத்த தடவை செய்து பார்ப்பது, அந்தச் சுற்று. நம் ஊர்ப் பயிற்சிகள் பலவற்றில் முதல் கால்வாசி மட்டும் நடக்கும், மீதிக்கு நேரமில்லை என்று குழுப் படம் எடுக்கப் போய்விடுவார்கள். அங்கே அப்படி இல்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

திரும்பி வந்தாள். என்ன நடந்தது? சொல்லப்போனால் நிலைமை மோசமானது. “யாரும் கேட்க மாட்டார்கள், நாமே சொல்லிவிட வேண்டும்” என்று எடுத்துக்கொண்டாள், அதில் தப்பில்லை, ஆனால் சொன்ன விதம் அரங்கத்துக்காரரிடம் கற்றது. “நீ அந்தப் பெஞ்சைத் தூக்கு, நீ போய்ப் பேனர் கட்டு.” நறுக்கு நறுக்கு என்று வரும். பையன்கள் ‘மேஸ்திரி’ என்று பேர் வைத்தார்கள். வேலையைச் செய்யவில்லை என்பது வேற விஷயம். ஜனவரிப் பக்கத்தில் நோட்டில் இப்படி இருக்கிறது: தானாகப் பேசியது 5 கூட்டத்தில் 19 தடவை, கொடுத்த 12 வேலையில் முடிந்தது 4. முதல் எண்ணை மட்டும் ஆண்டறிக்கைக்கு அனுப்பியிருந்தால் பிரமாதமான வெற்றிக் கதை.

தோழியைப் பற்றி இரண்டு வரி. அவளும் அதே மூன்று நாள் இருந்தாள், நன்றாகப் பேசினாள், சான்றிதழைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டினாள். அடுத்த மூன்று மாதத்தில் அவளிடம் எந்தப் பொறுப்பையும் யாரும் கொடுக்கவில்லை. முதலில் நான் கொடுக்கவில்லை. அவளுடைய பக்கத்தில் போகும் முன்னும் ஒன்றே, வந்த பின்னும் ஒன்றே.

அந்தத் திங்கட்கிழமை

முகாமுக்கு ஏற்பாட்டுப் பொறுப்பை இவளிடம் கொடுத்தேன். திறமையைக் கண்டுகொண்டு கொடுத்தேன் என்று எழுத ஆசைதான், மற்ற இருவரும் தேர்வுக் கட்டணம், சொந்தக்காரர் கல்யாணம் என்று நழுவியதால் கொடுத்தேன்.

கண் பரிசோதனைக்கு அவள் செய்ததில் காகிதத்தில் குறை சொல்ல முடியாது. நோட்டீஸ் அடித்தாள், ஆட்டோவில் மைக் கட்டி முந்தின நாள் ஊரைச் சுற்றினாள், வீடு வீடாகப் போனாள். ஒரு வாசலில் நானும் கூட நின்றேன். “நாளைக்குக் காலையில 9 மணிக்குள்ள எல்லாரும் வந்துடணும். ஆதார் கார்டு கட்டாயம்.” திண்ணையில் இருந்த பாட்டி ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “யாரு வூட்டுப் புள்ளை கண்ணு நீயி? வந்ததும் வராததுமா அதிகாரம் பண்றே” என்றது. நோட்டீஸை வாங்கிக்கொண்டது, வெற்றிலைப் பெட்டிக்கு அடியில் விரித்துக்கொண்டது.

மறுநாள் 11 மணி. எனக்குக் கை பரபரத்தது. பைக் சாவியை எடுத்துவிட்டேன், நானே ஊருக்குள் போய் நாலு பெரியவர்களைப் பிடித்துப் பேசினால் ஆள் வந்துவிடும் என்று. கூட வந்த இயற்பியல் ஆசிரியர் கையைப் பிடித்து, “அரை மணி நேரம் விட்டுப் பாருங்க சார்” என்றார். அந்த அரை மணி நேரத்துக்கு நான் அவருக்குக் கடன்பட்டவன்.

அப்போது, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த சமையல்கார அக்கா தலையைத் தூக்காமலே சொன்னார்: “இன்னைக்குக் கெழவிக எல்லாம் நூறு நாள் வேலைக்குக் குட்டைக்குப் போயிருக்குமே அம்மிணி. வாரத்துல மொத நாளு, யாரு வூட்ல இருப்பா?”

“உங்களுக்குத் தெரியுமாங்க்கா? சொல்லியிருக்கலாமில்லீங்க?”

“நீ கேக்கவே இல்லியே.”

அவள் முகம் போன போக்கைப் பார்த்தேன். ஆனைகட்டியில் கயிற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதே முகம்.

அதே அக்காவைக் கூட்டிக்கொண்டு குட்டைக்குக் கிளம்பினாள். ஒன்றரைக் கிலோமீட்டர். அங்கே பணித்தளப் பொறுப்பாளர் ஒரு பெண். காலையிலும் மதியத்துக்கு மேலும் செயலியில் படம் எடுத்து வருகை பதிய வேண்டும், ஆள் குறைந்தால் கூலி போய்விடும், அதனால் யாரையும் அனுப்ப முடியாது என்றார். அந்த ஜனவரியிலிருந்துதான் எல்லாப் பணியிடத்திலும் அது கட்டாயமாகியிருந்தது, அவர் பயம் நியாயமானது. இவள் வாதாடவில்லை. “ரெண்டு போட்டோக்கும் நடுவுல எவ்வளவு நேரம் இருக்குதுங்க்கா? யாருக்கும் கூலி போகாம எப்படிங்க கூட்டிட்டுப் போறது, நீங்களே சொல்லுங்க” என்று கேட்டாள். அவரே வழி சொன்னார்: பத்துப் பத்துப் பேராக, சாப்பாட்டு வேளையை ஒட்டி, மருத்துவமனை வேனிலேயே கூட்டிப்போய்க் கொண்டுவந்து விட்டுவிடுவது.

அடுத்து யாரை முதலில் அனுப்புவது என்ற சிக்கல். “கண்ணு சரியாத் தெரியாதவங்க யாரு” என்று கேட்டால் ஒருத்தரும் கை தூக்க மாட்டார்கள், எனக்கெல்லாம் நல்லாத் தெரியுது என்பார்கள். இவள் கேட்டது இது:

“ஊசியில நூல் கோக்கறதுக்குப் பேத்தியைக் கூப்படறவங்க யாருங்க ஆத்தா?”

சிரிப்பு. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு ஒரு கை, அப்புறம் பத்துக் கை. நேற்றைய திண்ணைப் பாட்டியும் அதில் இருந்தது. அந்தக் கையில் பாதிப் பேருக்கு வெறும் வெள்ளெழுத்துதான் என்று மருத்துவர் பிறகு சொன்னார், பரவாயில்லை. இரண்டரை மணிக்கு வேன் கிளம்பும்போது 74 பேர் பார்த்தாயிற்று, 9 பேருக்குக் கண்புரை என்று குறித்துக்கொண்டு போனார்கள். குட்டைக்கு நான் போகவில்லை. அங்கே நடந்தது அந்த அக்காவும் இரண்டு மாணவர்களும் சொன்னது, மூன்று பேரும் ‘ங்க’வோடு சேர்த்துத்தான் சொன்னார்கள்.

அன்று ராத்திரி வழக்கமான கூட்டம். என்ன நடந்தது, ஏன் நடந்தது, நாளைக்கு என்ன மாற்றுவது என்று மூன்றே கேள்வி. திட்டுவது கிடையாது. யாரும் எதிர்பார்க்காத விதமாக முதல் ஆளாக எழுந்து, “தப்பு எம்மேலதானுங்க. தேதி வைக்கறதுக்கு முன்னால ஊர்ல ஒருத்தரையும் கேக்கலீங்க” என்றாள். என் மூன்றாவது பத்தியில், அதாவது தப்பை எப்போது யாரிடம் சொன்னாள் என்ற இடத்தில், முதல் பதிவு அன்று விழுந்தது: அன்றே, எல்லார் முன்னாலும்.

அதற்கப்புறம்

மூன்றாம் வருடம் அணித் தலைவி. கூட்டத்தை எப்போதும் கடைசி வரிசையிலிருந்து ஆரம்பிப்பாள், அதிகம் பேசாதவர்களிடம் முதலில் கேட்பாள். “நீங்க என்ன நெனைக்கறீங்க?” முதல் வருடத்துப் பிள்ளைகளுக்கும் இதே வாங்க போங்கதான். கொடுத்த வேலையில் பெரும்பாலும் முடிந்தது. ஆனால் கணக்கு வழக்கைக் கடைசி வரை யாரிடமும் விடவில்லை, ரசீதை எல்லாம் தானே வைத்துக்கொண்டு ராத்திரி ஒரு மணி வரை கூட்டிக்கொண்டிருப்பாள், அந்த விஷயத்தில் சண்டை போட்டு ஒரு ஜூனியர் அணியை விட்டே போய்விட்டான். இதை வளாக நேர்காணல் விவரத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும்: குழு விவாதத்தில் மற்றவர்களைப் பேச விட்டுக்கொண்டே இருந்ததால் முதல் சுற்றிலேயே நீக்கினார்கள், உறுதி போதவில்லை என்று குறிப்பு வந்தது. இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு ஆர்டர் ஒரு பக்கம், சாயப்பட்டறை, பிரின்டிங், தையல் கான்ட்ராக்ட் இன்னொரு பக்கம், நடுவில் கப்பல் தேதி. நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கிற வேலை.

இதில் பயிற்சியின் பங்கு எவ்வளவு? ஒரு பெண்ணின் கதையை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. பதினெட்டு வயசிலிருந்து இருபத்தொன்றுக்குள் எல்லாரும் மாறத்தான் செய்வார்கள். தறி நின்ற அந்த மாதங்களில் அப்பா கூலிக் கூட்டங்களுக்குப் போய் வந்து வீட்டில் பேசியதெல்லாம் அவள் காதில் விழுந்துகொண்டேதான் இருந்தது, “எங்கப்பா எல்லாத்தையும் கேட்டுட்டுக் கடைசியாத்தானுங்க பேசுவாரு” என்று ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். முகத்தைப் பார்த்துத் தேவையைப் புரிந்துகொள்வதைத் தறி ஷெட் பத்து வயசிலேயே கற்றுக்கொடுத்துவிட்டது. இருந்தாலும் தோழியின் பக்கத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது என் கணிப்பு இதுதான்: ஆனைகட்டி ஒரு கேள்வியை அவள் மனதில் போட்டது, குட்டைக்கரை அதற்குப் பதில் கேட்டது, நடுவில் இருந்த நேரம் இரண்டே மாதம். இரண்டு வருடம் இடைவெளி விட்டிருந்தால் கயிறு மறந்துபோயிருக்கும். தோழிக்கு அந்தக் குட்டைக்கரை கிடைக்கவே இல்லை, அது அவள் குறையில்லை, என் குறை. அதற்குப் பிறகு தங்கும் பயிற்சிக்கு யாரை அனுப்பினாலும், திரும்பி வந்த இரண்டு மாதத்துக்குள் கெட்டுப்போகக்கூடிய ஒரு நிஜ வேலையை முதலிலேயே எழுதி வைத்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

பேச்சு மன்றப் பட்டியலிலிருந்து ‘ங்க’வை அந்த மார்ச்சிலேயே அடித்துவிட்டோம். போன மாதம் அவளைப் பேச்சாளராகக் கூப்பிட்டிருந்தோம். 6 நிமிடம் என்று சொல்லியிருந்தும் 11 நிமிடம் பேசினாள், சிவப்பு அட்டையைக் கையில் வைத்திருந்த பையன் தூக்க மறந்துவிட்டான். முடிந்ததும் எண்ணுகிற பெண் எழுந்து வாசித்தாள்: ‘ஆ’ 2, ‘ம்’ 1, ‘பேசிக்கலி’ 7.

“அது கம்பெனியில ஒட்டிக்கிச்சுங்க” என்றாள்.